பதினொரு வருடத் தியானமும் ஒரு மடைச் சண்டையும்

வாய்க்கால்கரை (இழையைத் தொடங்கியவர், வீரவநல்லூர் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

பதினொரு வருடமாகத் தியானம் செய்கிறேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து, குளித்து, முக்கால் மணி நேரம் உட்காருவேன். மனவளக்கலை மன்றத்தில் கற்றுக்கொண்டது. முடிக்கும்போது ‘வாழ்க வையகம், வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ரத்த அழுத்தம் குறைந்தது, தூக்கம் வந்தது, பிள்ளைகளைக் கைநீட்டும் பழக்கம் அடியோடு நின்றது. அந்தப் பலன்களில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கூடப்பிறந்த அண்ணனோடு நான் பேசி நான்கு வருடம் ஆகிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வயல். அவருடையது மேல்வயல், என்னுடையது கீழ்வயல். அவர் வயலைத் தாண்டித்தான் எனக்குத் தண்ணீர் வர வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் கார் பருவ நெல் சாகுபடியில் அணையில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்து விட்டார்கள். என் முறை இரவு இரண்டு மணிக்கு. போய்ப் பார்த்தால் மடைவாயில் மண்ணை அணைத்து அடைத்திருக்கிறது. கையில் மண்வெட்டி இருந்தது, வெட்டித் திறந்தேன். அண்ணன் டார்ச் விளக்கோடு வந்தார். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுத முடியாது. அம்மாவை இழுத்தும் பேசிவிட்டோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றும் நாலரைக்குத் தவத்தில் உட்கார்ந்தேன். ‘வாழ்க வையகம்’ சொன்னேன். கண் திறந்து பார்த்தபோது கணுக்காலில் வாய்க்கால் சேறு காய்ந்து வெடித்திருந்தது. குளிக்காமல் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

தனி மனிதன் அமைதியடைந்தால் குடும்பம் அமைதியடையும், ஊர் அமைதியடையும், உலகம் அமைதியடையும் என்று நம்பித்தான் தொடங்கினேன். என் அமைதி என் வயல் வரப்பைக்கூடத் தாண்டவில்லை. பிசகு எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புன்னைவனம் (சங்கரன்கோவில்)

அண்ணாச்சி, முதலில் ஒன்று. தவத்தை நிறுத்திவிடாதீர்கள். அது உங்களை ஏமாற்றவில்லை.

நானும் மன்றத்துக்காரன்தான். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி ஒரு நெசவாளி. தறியில் உட்கார்ந்து பிழைத்த மனிதர். அவர் வைத்த பாடத்தில் தவத்துக்குச் சமமாக அகத்தாய்வும் இருக்கிறது. அதில் ‘சினம் தவிர்த்தல்’ வரும். யார் யார் மேல் கோபம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்து, வாழ்த்தச் சொல்வார்கள். பலர் தவத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நோட்டை விட்டுவிடுகிறார்கள். உங்கள் நோட்டில் அண்ணன் பெயர் இருக்கிறதா?

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவன் சிவனே பெரியவர் என்றான், மற்றவன் திருமாலே பெரியவர் என்றான். சண்டை தீரவில்லை. கோமதி அம்மன் ஊசிமுனையில் தவமிருந்து, பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே உருவத்தைக் காட்டச் செய்தாள். ஆடித் தபசு அதற்குத்தான். இப்போதும் ஆடிச்சுற்று சுற்றுகிறவர்களைப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் காலில் செருப்பு இல்லாமல் நூற்றியெட்டுச் சுற்று. சின்ன வயதில் ஆச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் சுற்றியிருக்கிறேன். தனக்கு வரம் கேட்கவா அம்மன் தவமிருந்தாள்? சண்டை போட்ட இரண்டு பேருக்காக இருந்தாள். ஆச்சி அதைத்தான் ஒவ்வொரு வருடமும் சொல்லுவாள்.

வாய்க்கால்கரை

பெயர் இருக்கிறது ஐயா. முதல் பக்கத்தில் முதல் வரியில் இருக்கிறது. நான்கு வருடமாகத் தினமும் ‘அண்ணன் வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்துகிறேன். ஆனால் அதை என் வீட்டுப் பூஜை அறையில் சொல்கிறேன். அவருக்கு அது கேட்டதில்லை.

நம்பியாற்றுக்காரன் (நாங்குநேரி வட்டாரம்)

படித்தேன். மரியாதையோடுதான் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முந்தாநாள் ஜூலை 23. கொக்கிரகுளத்தில் தாமிரபரணி ஆற்றில் மலர் தூவப் போயிருந்தேன். 1999இல் அதே நாளில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக ஊர்வலம் போனவர்கள் போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் ஓடி, 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. இருந்தாலும் அப்பா வருடம் தவறாமல் கூட்டிப் போவார், இப்போது நான் போகிறேன். 2023 ஆகஸ்ட்டில் எங்கள் நாங்குநேரியில் என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் நன்றாகப் படித்த ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு.

என் ஆச்சியிடம் வாழ்நாள் முழுக்க எல்லோரும் சொன்ன ஒரே அறிவுரை ‘அமைதியாகப் போ’ என்பதுதான். தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அமைதியாகப் போனாள். கூலி குறைந்தபோது அமைதியாக வாங்கிக்கொண்டாள். அவளுக்குள் அமைதி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அநியாயம் அப்படியே இருக்க, மனதை மட்டும் சாந்தப்படுத்திக்கொள் என்று சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

புன்னைவனம்

தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் நம் மண்ணில் நல்லதும் இருக்கிறதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கானவர்கள் தண்ணீருக்கு நடுவில் தவித்தார்கள். பக்கத்தில் இருந்த புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் கிடக்க, இருந்த அரிசியையும் பருப்பையும் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அப்போது யார் எந்தச் சாதி என்று யாராவது கேட்டார்களா?

நம்பியாற்றுக்காரன்

கேட்கவில்லை ஐயா. அந்த மக்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு என்ன ஆனது என்பதுதான் என் கேள்வி. வெள்ளம் வந்தால் மட்டும் மனிதராவது எத்தனை நாளைக்கு?

பாளை ஆசிரியை (பாளையங்கோட்டை)

தம்பி கேட்டதற்கு என் வகுப்பறையில் இருந்து பதில் சொல்லப் பார்க்கிறேன். முழுப் பதில் என்னிடம் இல்லை.

இருபத்திரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிவரும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்வார்கள். பஸ்ஸில் எந்த இருக்கையில் யார் உட்காருவது என்பதுகூட அந்த நிறத்தை வைத்துத்தான். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் வேண்டாம், பள்ளிகளின் பெயரில் சாதி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைகள். ஆனால் கயிற்றை அறுக்கும் அதிகாரத்தை என் கையில் கொடுத்தால் மட்டும் போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை ஒரு பையனின் கயிற்றை எல்லோர் முன்னிலையிலும் கத்தரிக்கோலால் வெட்டினேன். அன்று காலையில் வீட்டில் ஒரு சச்சரவு, அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் வெட்டினேன். அவன் கையை இழுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அதே நிறத்தில் இரண்டு கயிறு கட்டி வந்தான்.

அதன் பிறகுதான் வகுப்புக்குள் நுழைவதற்கு முன் ஆய்வகத்தில் பத்து நிமிடம் தனியாக உட்காரத் தொடங்கினேன். தியானம் என்று பெரிய பெயர் வேண்டாம். மூச்சைக் கவனிப்பேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து அவனைத் தனியே கூப்பிட்டு, அன்று அப்படி வெட்டியது தவறு என்று சொன்னேன். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் தானாகவே சொன்னான்: ‘டீச்சர், இதைக் கட்டவில்லை என்றால் பஸ்ஸில் எங்கள் ஆட்களே அடிப்பார்கள்.’ பதினாறு வயதுப் பிள்ளை பயந்துபோய்க் கட்டியிருக்கிறான்! அது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் இந்த வாக்கியம் என் காதில் விழுந்தே இருக்காது.

அடுத்த வாரம் தலைமையாசிரியரிடம் பேசி, மாலை பஸ்ஸில் ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு போக ஏற்பாடு செய்தோம். பெரும்பாலான கைகளில் கயிறு இப்போது இல்லை. அந்தப் பையன் மட்டும் படிப்பு முடிந்து போகும் வரை கட்டியிருந்தான்.

கோரைப்பாய் (பத்தமடை)

டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பாய் நெசவு. கோரையைச் சன்னமாகக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகுதான் தறிக்கு வரும். பட்டுப்பாய் என்றால் ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். உம்மா ஒரு விதி வைத்திருந்தார்கள். சண்டை போட்டுவிட்டு வந்தால் தறியைத் தொடக் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று கேட்டு ஒருநாள் வீம்பாக உட்கார்ந்தேன். ஒரு சாண் நெய்ததும் ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டது. இறுக்கி அடித்திருக்கிறேன், கைக்குத் தெரியவில்லை. பிரித்து எடுக்க இரண்டு நாள் ஆனது.

கல்யாணப் பாய்களில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து கொடுப்போம். பெரும்பாலும் இந்துக் கல்யாணங்கள். தொழுகைக்கு எழுந்து போய்விட்டு வந்து, முன்பின் பார்த்திராத அந்தப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொரு கோரையாகக் கோப்போம். ‘நல்லா இருக்கட்டும்’ என்று உம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் ஊரில் பிறந்த சிவானந்தரைப் பற்றி ஒரு சேதி. 1887இல் பிறந்து, மருத்துவம் படித்து, மலாயாவில் பத்து வருடம் டாக்டராக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1924இல் ரிஷிகேசம் போனார். கடுமையான தவம். ஆனால் மூன்றே வருடத்தில், 1927இல், இன்சூரன்ஸ் பணத்தை வைத்து லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். தெய்வீக வாழ்க்கைச் சங்கமெல்லாம் 1936இல், அதற்குப் பிறகு வந்தது. அமைதி முழுசாகக் கிடைத்தபின் நோயாளியைப் பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. உங்கள் அண்ணன் விஷயத்தில் நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் காக்கா (எங்கள் வழக்கில் அண்ணன்)?

கூழைக்கடா (கூந்தன்குளம்)

எங்கள் ஊருக்குப் பறவைகள் வரும் பருவத்தில் வந்து பாருங்கள். கூழைக்கடாவும் நாரையும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். அது குஞ்சுக்குக் கொண்டுவரும் மீன், காயப்போட்ட துணியின் மேல் விழும். வாடை வயிற்றைக் குமட்டும். ஆனால் எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம், பறவை வந்தால் மழை வரும் என்பது பெரியவர்கள் நம்பிக்கை. 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான்.

நாங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. என் மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, பக்கத்து ஊர்ச் சத்தம் கேட்டு அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்று ஒரு கூட்டைக் காட்டினேன். தாய்ப்பறவை இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சை மூடிக்கொண்டு இருந்தது. அவன் அழுகை நின்றதும் கேட்டான், ‘அதற்கும் வெடி பயமா?’ பிறகு மத்தாப்பு போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.

யாரும் எங்களுக்குத் தியானம் கற்றுத்தரவில்லை. இன்னோர் உயிர் பயப்படக் கூடாது என்று ஊரோடு சேர்ந்து ஒன்றை விட்டுக்கொடுத்தோம். அந்த ராத்திரி எங்கள் ஊரில் கேட்கும் அமைதி வேறெங்கும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார் (வள்ளியூர்)

உலக அமைதி என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஐ.நா. அமைதிப்படையில், தெற்கு லெபனானில் பணியாற்றியவன். அந்தப் படை 1978இல் அங்கே வந்தது, இந்தியப் பட்டாளம் 1998இல் சேர்ந்தது.

அமைதிப்படை என்றால் துப்பாக்கியோடு பாய்வது என்று ஊரில் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பெரும்பகுதி நிற்பது, பார்ப்பது, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுவது. அங்கே நீலக்கோடு என்று ஒன்று உண்டு. 2000இல் இஸ்ரேல் ராணுவம் விலகியதைச் சரிபார்க்க ஐ.நா. குறித்த கோடு. சுமார் 120 கிலோமீட்டர். நீல வண்ணம் பூசிய பீப்பாய்களை நட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். ஓர் ஆடு அந்தப் பக்கம் போனால், மேய்ப்பவன் பின்னால் போனால், அவ்வளவுதான், பதற்றம். நாங்கள் குறுக்கே போய் நிற்போம். எங்கள் கால்நடை மருத்துவர் அந்தக் கிராமங்களின் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பார். எங்களை நம்பியதற்கு முக்கியக் காரணம் அந்த வைத்தியம்தான் என்பது என் அனுபவம்.

2006 போருக்குப் பிறகு, எங்கள் படைத் தலைமையகம் இருந்த நகோராவில் லெபனான், இஸ்ரேல் இரு தரப்பு ராணுவ அதிகாரிகளும் ஒரே அறைக்கு வரத் தொடங்கினார்கள். நடுவில் ஐ.நா. தளபதி. மனம் மாறியா வந்தார்கள்? இல்லை. நடுவில் உட்கார ஓர் ஆள் இருந்தார், பேச ஒரு சின்ன விஷயம் இருந்தது. இந்தப் பீப்பாய் எந்த இடத்தில், அந்த வேலி எத்தனை அடி என்ற அளவில்.

2024இல் அங்கே மறுபடி குண்டு விழுந்தது. செய்தி பார்த்த இரவு நான் தூங்கவில்லை. எல்லாம் வீணா என்று மனைவி கேட்டாள். நாங்கள் நின்ற வருடம் அந்தக் கிராமத்தில் ஆலிவ் அறுவடை முழுசாக நடந்தது. குழந்தைகள் அதைப் பறித்ததை என் கண்ணால் பார்த்தேன். அதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

வாய்க்கால்கரைத் தம்பிக்கு: நேராக அண்ணனிடம் போய் மன்னிப்பு, பாசம் என்று பெரிதாகத் தொடங்காதீர்கள். இருவரும் நம்புகிற ஓர் ஆளைப் பிடியுங்கள். மடையைப் பற்றி மட்டும் பேசுங்கள். எத்தனை மணி, யாருக்கு முதலில்.

வாய்க்கால்கரை

ஹவில்தார் அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒருவர் முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் மடைக்கு நாற்பது வருடமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். எங்கள் அப்பா காலத்து ஆள். நேற்றுக் காலை அவரிடம் போய், இந்தக் கார் முழுக்க அண்ணன் வயலுக்கு முதலில் பாயட்டும், நிறைந்ததும் எனக்குத் திருப்பிவிடுங்கள், நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘இதைச் சொல்ல நான்கு வருடமா?’ என்று மட்டும் கேட்டார்.

இன்று அதிகாலை நான்கு மணிக்கு வயலுக்குப் போனேன். தவத்துக்கு உட்காரவில்லை. மேல்வயல் வரப்பில் டார்ச் விளக்கு தெரிந்தது. அண்ணன் தன் பக்கத்து மடையை அடைத்துவிட்டு, என் பக்கம் மண்ணை எடுத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை. தண்ணீர் என் வயலுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்: ‘வந்துவிட்டதா?’ ‘வந்துவிட்டது’ என்றேன். வேறு பேச்சில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். நான் விடியும் வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை.

நம்பியாற்றுக்காரன்

உண்மையிலேயே சந்தோஷம் அண்ணாச்சி. கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் சண்டையில் இரண்டு பேரும் சமம். இரண்டு பேருக்கும் வயல் இருக்கிறது, நடுவில் ஒருவர் நின்றால் போதும். எங்கள் பிரச்சினையில் ஒருவனுக்கு வயல், ஒருவனுக்குக் கூலி. ஹவில்தார் ஐயா சொன்ன நடுக்கோடு அங்கே எங்கே போடுவது? நீங்கள் நல்ல மனிதர் என்பதால் நேரடியாகவே கேட்கிறேன். நாளை மறுநாள் உங்கள் வயலில் நடவு இருக்கும். நடவுக்கு வரும் பெண்களுக்கு வரப்பில் டீ கொடுப்பீர்கள். எதில் கொடுக்கிறீர்கள்?

பாளை ஆசிரியை

தம்பி கேட்டது சரியான கேள்வி. இதில் யாரும் குறுக்கே விழ வேண்டாம். அண்ணாச்சி பதில் சொல்லட்டும்.

வாய்க்கால்கரை

ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

காகித டம்ளரில் கொடுக்கிறேன். எனக்கும் உழவு டிராக்டர்காரருக்கும் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் வரும். அம்மா காலத்தில் கொட்டாங்குச்சி இருந்தது. அதை நான் நிறுத்திவிட்டேன், மாறிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். காகித டம்ளர் சுத்தம், கழுவும் வேலை இல்லை என்று மனதுக்குள் காரணமும் வைத்திருந்தேன். ஆனால் எனக்கு ஏன் அதில் ஊற்றிக்கொள்ளவில்லை? பதினொரு வருடம் கண்ணை மூடி உட்கார்ந்தும் இது என் கண்ணில் படவில்லை. அண்ணன் பெயரை எழுதிய நோட்டில் அந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை அல்லவா, அதனால் எழுதத் தோன்றவில்லை. அவர்களுக்கு என் மேல் வந்திருக்கும்.

நேற்று இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ‘ஒன்பது பேர் வருகிறார்கள், நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பதினொன்று வேண்டும்’ என்றாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த டம்ளர்கள், பெயர் வெட்டியவை, பரணில் ஒரு சாக்கில் கிடந்தன. ஏணி போட்டு எடுத்தேன். இப்போது அடுக்களையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கூலியும் இந்த வட்டாரத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கிறது. அதைப் பற்றி அண்ணனிடம் பேச வேண்டும், அவர் வயலுக்கும் இதே ஆட்கள்தான். மடைக்காரர் வழியாக இல்லை, நானே போய்ப் பேசுகிறேன்.

தம்பி, நடவு காலை ஆறரைக்கு. டீ ஒன்பதரைக்கு. வர முடிந்தால் வாருங்கள். கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் ஏறி வாய்க்கால் பாலத்தில் இறங்கினால் நான் வந்து கூட்டிப் போகிறேன்.